எழுதாமலே தரவு திரட்டலாம்: ஆயத்த ஸ்கிரிப்டைத் தேடி எடுக்கும் வழி

திருகோணமலைக்கு அருகே நிலாவெளியில் ஆறு அறையோடு ஒரு விருந்தினர் விடுதி திறக்க எண்ணுபவருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு பட்டியல். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடற்கரையோரம் யார் யார் அறை விடுகிறார்கள், யூலையில் ஓர் இரவுக்கு என்ன கேட்கிறார்கள், வந்து தங்கியவர்கள் எதைக் குறை சொல்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் விலை வைக்கலாம். சுற்றுலா பற்றி ஆய்வு எழுதும் வளாக மாணவருக்கும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான் வேண்டியிருக்கும். இணையத்தில் இவையெல்லாம் கண்முன்னே கிடக்கின்றன. கையால் ஒவ்வொன்றாக எக்செலில் ஒட்டினால் நாலைந்து நாள் போய்விடும். பைதன் என்ற கணினி மொழியைப் படித்து, இந்த வேலையைத் தானாகச் செய்யும் சிறு செய்நிரலான ஸ்கிரிப்டை எழுதலாமென்றால் சீசனே முடிந்துவிடும்.

இடையில் ஒரு வழி இருக்கிறது. இணையத் தரவு திரட்டும் தளங்களில் பிறர் எழுதி வைத்த ஸ்கிரிப்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. தேடி எடுத்து, சில கட்டங்களை நிரப்பி, ஓட்டினால் அட்டவணை வந்துவிடும். சிக்கல் தேர்ந்தெடுப்பதில்தான். ஒரே வேலைக்கு முப்பது ஸ்கிரிப்ட் இருக்கும். பாதி பழுதாகிக் கிடக்கும். மீதியில் உங்களுக்குத் தேவையான விவரத்தைத் தருவது இரண்டோ மூன்றோ. அந்த இரண்டு மூன்றைக் கண்டுபிடிக்கும் முறையைத்தான் இங்கே விளக்குகிறோம்.

தேடுவதற்கு முன் ஒரு தாள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தளத்தின் பெயரைத் தட்டி, முதலில் வருவதைச் சொடுக்கி ஓட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், உங்கள் கடைசி அட்டவணையில் என்னென்ன நிரல்கள் (மேலிருந்து கீழாக வரும் வரிசைகள்) இருக்க வேண்டும் என்பதை முதலில் தாளில் எழுதுங்கள். விடுதிப் பட்டியலுக்கு இவை போதும்: பெயர், வகை, முகவரி, அகலாங்கும் நெட்டாங்கும், தொலைபேசி, மதிப்பெண், கருத்துகளின் எண்ணிக்கை, ஓர் இரவு விலை, எந்தத் திகதிக்கான விலை.

எழுதியதும் ஒன்று தெளிவாகும். முதல் ஏழும் கூகுள் மேப்பில் இருப்பவை. விலை இருப்பது புக்கிங் டொட் கொம் போன்ற முன்பதிவுத் தளங்களில். ஆக உங்களுக்கு வேண்டியது ஒரு ஸ்கிரிப்ட் அல்ல, இரண்டு. இதை முன்கூட்டியே அறியாதவர், எல்லாவற்றையும் ஒன்றாகத் தரும் ஸ்கிரிப்டைத் தேடியே களைத்துப்போவார்.

இன்னொரு கேள்வியும் இந்தக் கட்டத்தில் கேட்க வேண்டியது: இந்தத் தரவு ஏற்கெனவே யாராவது திரட்டி வைத்ததுதானா? மரக்கறி, மீன் விலை வேண்டுமென்றால் இலங்கை மத்திய வங்கி நாளாந்த விலை அறிக்கையைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. சுற்றுலாப் பயணிகளின் வருகைக் கணக்கு சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் மாதாந்த அறிக்கையில் கிடைக்கும். கோயில், பள்ளிவாசல், பாடசாலை, வீதி போன்றவற்றின் இடக்குறிப்புகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து இலவசமாக எடுக்கலாம். இவற்றுக்கு ஸ்கிரேப்பர், அதாவது தரவு திரட்டும் ஸ்கிரிப்ட், தேடுவது வீண் செலவு.

எந்தத் தளம்

இந்தக் கட்டுரை அப்பிஃபை தளத்தை வைத்து எழுதப்பட்டது. செக் குடியரசின் பிராக் நகரில் 2015இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே ஆயத்த ஸ்கிரிப்டுக்கு ‘அக்டர்’ என்று பெயர். அவை அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் இடம் ‘ஸ்டோர்’. வங்கி அட்டை கொடுக்காமலே கணக்குத் திறக்கலாம் என்பதும், இலவசக் கணக்குக்கு மாதம் 5 டொலர் பெறுமதியான பாவனை கிடைக்கிறது என்பதும் புதியவருக்கு வசதி. அந்த 5 டொலரில் மிஞ்சியது அடுத்த மாதத்துக்குச் சேராது. ஆகவே மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் சோதனைகளை அப்போது செய்துவிடலாம்.

ஆக்டோபார்ஸ், பாண்டம்பஸ்டர், பிரைட் டேட்டா ஆகியவற்றிலும் ஆயத்த வார்ப்புகள் உண்டு. ஆக்டோபார்ஸை உங்கள் கணினியிலேயே நிறுவி ஓட்டலாம். ஆனால் அப்படி ஓட்டும்போது மின்சாரம் போனாலோ டொங்கிளில் டேட்டா முடிந்தாலோ வேலை அந்த இடத்திலேயே நின்றுவிடும். அப்பிஃபையில் ஸ்கிரிப்ட் ஓடுவது அவர்களுடைய சேவரில். ‘ஸ்டார்ட்’ அழுத்திவிட்டு மடிக்கணினியை மூடிவைத்துப் போகலாம். கைத்தொலைபேசியில் திறந்தும் முடிவைப் பார்க்கலாம். தளம் எதுவானாலும் கீழே சொல்லும் தேர்வு முறை பெரும்பாலும் பொருந்தும்.

ஸ்டோரில் தேடுவது

தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். மூன்று விதமாகத் தேடிப் பாருங்கள்.

முதலில் தளத்தின் பெயர்: கூகுள் மேப்ஸ், புக்கிங், டிரிப் அட்வைசர். அடுத்து தளத்தின் பெயரோடு உங்களுக்கு வேண்டிய பொருளையும் சேர்த்து: ‘கூகுள் மேப்ஸ் ரிவியூஸ்’ என்று தேடினால் இடங்களின் பட்டியலைத் தரும் ஸ்கிரிப்டுகள் பின்னே போய், கருத்துகளை மட்டும் எடுக்கும் ஸ்கிரிப்டுகள் முன்னே வரும். இந்த இரண்டும் வேறு வேறு. இடங்களை எடுக்கும் ஸ்கிரிப்டிலும் கருத்துகளை எடுக்கும் வசதி இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே பத்து விடுதியின் இணைப்பு கையில் இருப்பவருக்கு கருத்து ஸ்கிரிப்டே மலிவு.

மூன்றாவது, வகைப்பிரிவு வழியாகப் போவது. பயணம், வேலைவாய்ப்பு, மின்வணிகம், வீடு காணி என்று பிரித்திருப்பார்கள். எந்தத் தளத்திலிருந்து எடுப்பது என்றே தெரியாதபோது இது உதவும். விலை முறை வாரியாகவும் வடிகட்டலாம்.

தேடலில் வந்ததை முதல் பக்கத்தோடு நிறுத்தி, ஐந்து ஸ்கிரிப்டைப் புதிய தாவல்களில் திறந்துகொள்ளுங்கள். ஐந்துக்கு மேல் திறந்தால் ஒப்பிடவே முடியாது.

ஸ்கிரிப்டின் பக்கத்தை வாசிப்பது

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பக்கத்தின் மேலே ஒரு பெயர், ஒரு படம், நட்சத்திரம், பாவிப்போர் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். இவற்றில் நட்சத்திரத்துக்குக் கடைசி இடம் கொடுங்கள். நாலைந்து பேர் போட்ட ஐந்து நட்சத்திரம் எதையும் சொல்லாது.

முதலில் பார்க்க வேண்டியது மாதாந்தப் பாவனையாளர் எண்ணிக்கை. மொத்தப் பாவனையாளர் எண்ணிக்கை பெரிதாக இருந்து, மாதக் கணக்கு சுருங்கியிருந்தால், முன்பு நன்றாக ஓடி இப்போது கைவிடப்பட்டது என்று கொள்ளலாம். அடுத்து, கடைசியாக மாற்றப்பட்ட திகதி. கூகுள், புக்கிங் போன்ற தளங்கள் தங்கள் பக்க அமைப்பை அடிக்கடி மாற்றும். மாறிய மறுநாள் பழைய ஸ்கிரிப்ட் வெறும் கட்டங்களைத் திருப்பித் தரும். ஆகவே பெரிய தளத்துக்கான ஸ்கிரிப்ட் ஆறு மாதமாகத் தொடப்படாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் மாறாத அரச இணையத்தளத்துக்கான ஸ்கிரிப்ட் என்றால் பழையதாக இருந்தாலும் ஓடக்கூடும்.

வெற்றி விகிதம் என்று ஒரு சதவீதம் காட்டுவார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘சக்ஸீடட்’ என்றால் செய்நிரல் தவறு எதுவும் காட்டாமல் முடிந்தது என்று மட்டுமே பொருள். அட்டவணையில் ஒரு நிரைகூட (ஒரு கிடைவரிகூட) கிடைக்காமல் முடிந்தாலும் அது வெற்றிக் கணக்கில்தான் சேரும். எனவே விகிதம் குறைவாக இருந்தால் தவிருங்கள். உயர்வாக இருக்கிறதென்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

உண்மை நிலவரம் தெரிவது ‘இஷ்யூஸ்’ தாவலில். பாவித்தவர்கள் பழுதுகளை எழுதும் இடம் அது. பழுது எத்தனை என்பதைவிட, எழுதியவருக்குப் பதில் வந்ததா, எத்தனை நாளில் வந்தது என்பதைப் பாருங்கள். நூறு முறைப்பாடு இருந்து நூற்றுக்கும் பதில் இருந்தால் அது நல்ல ஸ்கிரிப்ட். மூன்றே முறைப்பாடு, மூன்றுக்கும் மௌனம் என்றால் எழுதியவர் போய்விட்டார். உங்கள் வேலைக்குத் தொடர்பான சொல்லை அங்கே தேடிப் பார்ப்பதும் பயன் தரும்: ‘போன்’, ‘பிரைஸ்’, ‘எம்ட்டி’ என்று தேடினால் உங்களுக்கு நாளை வரப்போகும் சிக்கல் இன்றே தெரியும்.

பிறகு விளக்கக் குறிப்பு. அதை முழுக்க வாசிக்க வேண்டியதில்லை. நேரே கீழே இறங்கி, வெளியீட்டு மாதிரியைத் தேடுங்கள். ஒரு இடத்துக்கான முழுப் பதிவையும் மாதிரியாகக் காட்டியிருப்பார்கள். உங்கள் தாளை அதன் பக்கத்தில் வைத்து, நிரல் நிரலாகச் சரிபாருங்கள். கூகுள் மேப் ஸ்கிரிப்ட் ஒன்றில் ‘டைட்டில்’ பெயருக்கும், ‘கேட்டகரி நேம்’ வகைக்கும், ‘டோட்டல் ஸ்கோர்’ மதிப்பெண்ணுக்கும், ‘ரிவியூஸ் கவுண்ட்’ கருத்து எண்ணிக்கைக்கும் ஒத்திருக்கும். ‘பிளேஸ் ஐடி’ என்று நீண்ட குறியீடு ஒன்றும் வரும். தேவையற்றது போலத் தோன்றும். அதை விடக் கூடாது. ஒரே விடுதி இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க அதைவிட நம்பகமான வழி இல்லை. மாதிரி வெளியீடே காட்டாத ஸ்கிரிப்டை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

ஒப்பிட்டு முடிந்ததும் ஐந்தில் இரண்டு மிஞ்சும்.

செலவு எப்படிக் கணக்காகிறது

ஸ்கிரிப்டுக்கு ஸ்கிரிப்ட் விலை முறை வேறு. சிலவற்றில் கிடைக்கும் ஒவ்வொரு விளைவுக்கும் காசு. சிலவற்றில் ஒவ்வொரு செயலுக்கும்: தொடங்க ஒரு சிறு கட்டணம், ஓர் இடத்துக்கு ஒன்று, தொடர்பு விவரம் சேர்த்தால் இன்னொன்று. மற்றவற்றில் ஸ்கிரிப்ட் இலவசம், சேவர் பாவனைக்கு மட்டும் கட்டணம். பழைய சிலவற்றில் மாத வாடகையும் இருந்திருக்கிறது.

சேவர் பாவனையைக் ‘கம்பியூட் யூனிட்’ என்ற அலகால் அளக்கிறார்கள். 1 ஜிபி நினைவகம் 1 மணித்தியாலம் ஓடினால் 1 அலகு. 4 ஜிபி ஒதுக்கி 15 நிமிடம் ஓட்டினாலும் அதே 1 அலகுதான். இந்த முறையில் ஓட்டம் பாதியில் விழுந்தாலும் அதுவரை ஓடியதற்குக் காசு போகும். விளைவுக்குக் காசு என்ற முறையில் கிடைக்காததற்குக் கட்டணம் இல்லை, புரொக்சி (தளத்தை வேறு இணைய முகவரி வழியாக அணுகவைக்கும் இடைச் சேவர்) செலவும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். புதியவர் அந்த முறையில் தொடங்குவதே பாதுகாப்பு.

கணக்கு இப்படி: ஒரு ஸ்கிரிப்ட் 1000 இடத்துக்கு 4 டொலர் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 150 விடுதிக்கு 60 சதம். இலவச 5 டொலருக்குள் தாராளமாக அடங்கும். அதே ஓட்டத்தில் ‘எல்லாக் கருத்தும் வேண்டும்’ என்று ஒரு கட்டத்தில் குறியிட்டால், ஒவ்வொரு விடுதிக்கும் சில நூறு கருத்து என்று பல்லாயிரம் விளைவாகிவிடும். 5 டொலர் காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். ஓட்ட அமைப்பில் ஒரு தடவைக்கான உச்சச் செலவை நிர்ணயிக்கும் கட்டம் இருந்தால் முதலில் அதில் 1 டொலர் என்று எழுதிவிட்டு மற்றதை நிரப்புங்கள்.

காசு கட்டி மேலே போக நினைப்பவர் கவனிக்க: கட்டணம் டொலரில்தான். உங்கள் அட்டையில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் முன்கூட்டியே கேளுங்கள்.

பத்து நிரைச் சோதனை

தேர்ந்த இரண்டையும் பத்துப் பத்து விளைவுக்கு ஓட்டிப் பாருங்கள். ‘இன்புட்’ தாவலில் படிவம் வரும். கூகுள் மேப் ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டால்:

தேடுசொல் கட்டத்தில் பொருளை மட்டும் எழுத வேண்டும், ஊரை எழுதக் கூடாது. ஊருக்குத் தனிக் கட்டம் உண்டு. இரண்டிலும் ஊரை எழுதினால் முடிவுகள் குழம்பும். பொருளாக ‘ஹோட்டல்’ என்று மட்டும் கொடுத்தால் நம் ஊரில் கொத்துரொட்டிக் கடையிலிருந்து பாண் விற்கும் கடை வரை வந்து சேரும். பலகையில் அப்படித்தானே எழுதியிருக்கிறார்கள். ‘கெஸ்ட் ஹவுஸ்’, ‘ஹோம்ஸ்டே’, ‘ரிசோர்ட்’, ‘வில்லா’ என்று தனித்தனி வரியில் கொடுங்கள். அப்போதும் சில சாப்பாட்டுக் கடைகள் நுழையும். அவற்றைப் பின்னர் ‘கேட்டகரி நேம்’ பார்த்து நீக்கலாம்.

இடத்தைக் கொடுக்கும்போது ‘திருகோணமலை’ என்றால் நகரமா மாவட்டமா என்பது ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. மாவட்டம் என்று எடுத்துக்கொண்டால் மூதூர், கந்தளாய், குச்சவெளி எல்லாம் சேரும். கூகுள் மேப் ஒரு தேடலுக்கு ஏறத்தாழ 120 இடத்துக்கு மேல் காட்டாது. நல்ல ஸ்கிரிப்டுகள் பரப்பைச் சிறு கட்டங்களாக வெட்டி இந்த எல்லையைக் கடக்கின்றன. பரப்பு பெரிதானால் கட்டங்கள் கூடும், நேரமும் செலவும் கூடும். எனவே தேவையான கரையோரத்தை மட்டும் வட்டம் போட்டுக் கொடுப்பது நல்லது: நிலாவெளியை மையமாக வைத்து 5 கிலோமீற்றர் ஆரம், உப்புவெளிக்கு இன்னொரு வட்டம்.

வட்டம் கொடுக்கும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. நாம் பழகியது அகலாங்கு முதலில், நெட்டாங்கு பிறகு: 8.69, 81.19. இடக்குறிப்புகளை எழுதும் ஜியோஜேசன் என்ற வடிவில் நெட்டாங்குதான் முதலில்: 81.19, 8.69. மாற்றிப் போட்டால் ஸ்கிரிப்ட் தேடப்போவது ஸ்வால்பார்டுக்கு அப்பால் ஆர்க்டிக் கடலில். தவறு என்று எந்தச் செய்தியும் வராது, சுழியம் விளைவோடு ‘சக்ஸீடட்’ என்று மட்டும் வரும்.

மூடிய இடங்களை விலக்கும் பொத்தானையும் யோசித்து அழுத்துங்கள். கிழக்குக் கரைக்குச் சீசன் சித்திரை தொட்டுப் புரட்டாதி வரை. வாடைக்காற்று மழைக்காலத்தில் பல விடுதிகள் தற்காலிகமாக மூடியிருப்பதாக மேப்பில் குறித்துவிடும். மார்கழியில் இந்தப் பொத்தானை அழுத்தி எடுத்த பட்டியலில், வைகாசியில் உங்களோடு போட்டி போடப்போகும் ஆட்களே இருக்கமாட்டார்கள். எல்லாவற்றையும் எடுத்து, நிரந்தரமாக மூடியவற்றை மட்டும் எக்செலில் நீக்குங்கள்.

மொழிக் கட்டத்தில் ஆங்கிலத்தை வைத்தால் வகைப் பெயர்கள் ஒரே சீராக வரும். எண்ணிக்கைக் கட்டத்தில் 10. ‘ஸ்டார்ட்’.

ஓடும்போது ‘லொக்’ பகுதியைத் திறந்து வைத்துப் பாருங்கள். வரிகள் ஓடிக்கொண்டிருப்பது நல்ல அறிகுறி. 403 அல்லது 429 என்ற எண் திரும்பத் திரும்ப வந்தால், எதிர்த் தளம் கதவைச் சாத்துகிறது. 429 என்பது அளவுக்கு மேல் வேகமாகக் கேட்கிறாய் என்று பொருள். ஒரே நேரத்தில் திறக்கும் பக்கங்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள். 403 என்றால் புரொக்சியை மாற்ற வேண்டும். ‘டேட்டா சென்டர்’ புரொக்சி மலிவு, ஆனால் பெரிய தளங்கள் எளிதில் இனங்காணும். ‘ரெசிடென்ஷியல்’ புரொக்சி வீட்டு இணைப்புகள் வழியாகப் போகும், ஜிபி கணக்கில் காசு கேட்கும். படங்களையும் இறக்கும் ஸ்கிரிப்டோடு அதைச் சேர்த்தால் கட்டணம் ஏறிவிடும். ஓட்டம் நினைவகம் போதாமல் விழுந்தால் ஒரு படி ஏற்றுங்கள், எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போகாதீர்கள். ‘டைம்ட் அவுட்’ என்றால் நேர எல்லை போதவில்லை. அதுவரை கிடைத்தவை அழியாமல் அட்டவணையில் இருக்கும்.

விலை எடுக்கும் ஸ்கிரிப்டுக்குச் சோதனையில் கவனிக்க வேண்டியவை வேறு. முன்பதிவுத் தளத்தில் விலை என்பது திகதியையும் ஆட்களையும் பொறுத்தது. உள்வரும் நாள், வெளியேறும் நாள், ஆட்கள் எண்ணிக்கை, நாணயம் நான்கையும் நீங்களே நிரப்புங்கள். நாணயத்தை விட்டுவிட்டால் புரொக்சி எந்த நாட்டிலிருந்து போகிறதோ அந்த நாட்டு நாணயத்தில் விலை வரக்கூடும். ஒரு நிரையில் டொலரும் மறு நிரையில் யூரோவும் கலந்துவிடும். அன்று அறை நிரம்பிய விடுதி பட்டியலிலேயே வராது. இரண்டு இரவுக்குக் குறையாமல் தங்க வேண்டும் என்று விதித்த விடுதியும் ஓர் இரவுத் தேடலில் மறைந்துவிடும். ஆகவே ஒரு வார நாள், ஒரு வார இறுதி, ஒரு இரண்டு இரவு என்று மூன்று தேடலாவது செய்ய வேண்டும். வரி விவகாரத்தையும் பாருங்கள்: 2024 தொடக்கத்திலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம், அதோடு சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்கிரிப்ட் தரும் எண் இவை சேர்ந்ததா சேராததா என்பதை இரண்டு விடுதியின் பக்கத்தை நேரில் திறந்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

பத்து நிரையும் வந்ததும், உங்களுக்கு நேரில் தெரிந்த இடம் ஒன்றை அதில் தேடுங்கள். இல்லாவிட்டால் அதன் பெயரையே தேடுசொல்லாகக் கொடுத்து ஓட்டுங்கள். அந்த ஒரு நிரையை உங்களால் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க முடியும்: தொலைபேசி சரியா, முகவரியில் வீதி இருக்கிறதா, மதிப்பெண் மேப்பில் காட்டுவதுதானா. இரண்டு ஸ்கிரிப்டில் எது அந்த நிரையைச் சரியாகத் தருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பாவனையாளர் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

முழு ஓட்டமும் பதிவிறக்கமும்

முழுதாக ஓட்டி முடித்ததும் ‘எக்ஸ்போர்ட்’ அழுத்தினால் சிஎஸ்வி, எக்செல், ஜேசன் என்று கேட்கும். இலவசக் கணக்கில் பெயரிடாத அட்டவணை 7 நாளில் அழிந்துவிடும், அன்றே இறக்கிவிடுங்கள். இறக்கும்போது எல்லா நிரல்களையும் எடுக்காமல் தேவையானதை மட்டும் தெரிவு செய்ய முடியும். செய்யாவிட்டால் படங்கள், திறந்திருக்கும் நேரம் எல்லாம் தனித்தனி நிரலாகப் பிரிந்து நூற்றுக்கணக்கில் நீளும்.

தமிழ்ப் பெயர் உள்ள பட்டியலைச் சிஎஸ்வியாக இறக்கி இருமுறை சொடுக்கித் திறந்தால் எக்செலில் எழுத்து சிதையலாம். கோப்பு பழுதில்லை, எக்செல் அதை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் உள்ளது என்று அறியாமல் திறந்திருக்கிறது. எக்செல் வடிவிலேயே இறக்குங்கள், அல்லது கூகுள் ஷீட்ஸில் திறவுங்கள். 026 என்று தொடங்கும் நம் தொலைபேசி எண்களுக்கும் சிஎஸ்வியில் ஆபத்து உண்டு: எக்செல் அதை எண்ணாகக் கருதி முன் சுழியத்தை விழுங்கிவிடும். அந்த நிரலை எழுத்து வடிவமாக மாற்றி இறக்குமதி செய்ய வேண்டும்.

நான்கு தேடுசொல்லிலும் ஒரே விடுதி வந்திருக்கும். பிளேஸ் ஐடியை வைத்து இரட்டிப்புகளை நீக்குங்கள். பெயரை வைத்து நீக்க வேண்டாம். கடல் பெயரும் கோண மலைப் பெயரும் கொண்ட விடுதிகள் இந்தக் கரையில் நிறைய, எழுத்துக் கூட்டலும் ஆளுக்கு ஆள் வேறு.

ஆயத்தமாக எதுவும் கிடைக்காவிட்டால்

உலகம் பாவிக்கும் தளங்களுக்குத்தான் ஸ்கிரிப்ட் குவிந்திருக்கும். உள்ளூர் விளம்பரத் தளத்துக்கோ பிரதேச சபைப் பக்கத்துக்கோ தேடினால் ஒன்றும் வராது, அல்லது இரண்டு மூன்று பேர் பாவித்த ஏதோ ஒன்று வரும். அப்போது பொதுவான ஸ்கிரிப்டுகளுக்குப் போக வேண்டும். கட்டுரை, அறிவித்தல் போன்ற எழுத்தை மட்டும் எடுக்க ‘வெப்சைட் கன்டன்ட் கிராலர்’ போதும்; இணைப்பைக் கொடுத்தால் உட்பக்கங்களையும் தொடர்ந்து போய் எழுத்தைத் தரும். அட்டவணையாக வேண்டுமென்றால் ‘சீரியோ ஸ்கிரேப்பர்’ அல்லது ‘வெப் ஸ்கிரேப்பர்’. சீரியோ வேகமும் மலிவும், ஆனால் ஜாவாஸ்கிரிப்டால் உருவாகும் பக்கத்தை அதனால் வாசிக்க முடியாது. எது உங்கள் தளம் என்று அறிய ஒரு சுருக்கு வழி: பிரவுசரில் பக்கத்தின் மூலக் குறியீட்டை (‘வியூ சோர்ஸ்’) திறந்து, கண்ணால் பார்த்த விலையை அதில் தேடுங்கள். இருந்தால் சீரியோ, இல்லாவிட்டால் மற்றது. இரண்டுக்கும் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருக்கும். நாற்பது ஐம்பது நிரைக்காக அவ்வளவு தூரம் போவதைவிட ஒரு மாலை உட்கார்ந்து கையால் ஒட்டிவிடுவது புத்தி.

எடுக்கக் கூடாதவை, கொடுக்கக் கூடாதவை

சிறு விடுதிகளில் போட்டிருப்பது பெரும்பாலும் உரிமையாளரின் சொந்தக் கைத்தொலைபேசி எண். கருத்து எழுதியவர்களின் பெயரும் படமும் தனிநபர் தரவுதான். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கருத்துகளை எடுக்கும் ஸ்கிரிப்டில் எழுதியவரின் விவரத்தை விலக்கும் தெரிவு இருந்தால் அதை விலக்கியே ஓட்டுங்கள். உங்கள் ஆய்வுக்கு வேண்டியது கருத்து, ஆள் அல்ல. எண்களைத் திரட்டி எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். எதிர்த் தளத்தின் பாவனை நிபந்தனையையும் ஒருமுறை வாசியுங்கள்.

ஃபேஸ்புக், லிங்க்ட்இன் ஸ்கிரிப்டுகளில் சில உங்கள் ‘குக்கீ’யை, அதாவது நீங்கள் உள்நுழைந்திருப்பதைக் காட்டும் பிரவுசர் பதிவை, கேட்கும். அதைக் கொடுப்பது கடவுச்சொல்லைக் கொடுப்பதற்குச் சமம்: ஸ்கிரிப்ட் உங்கள் பெயரில் உள்ளே போகும், தளம் சந்தேகப்பட்டால் முடக்குவது உங்கள் கணக்கை. குக்கீ கேட்காத மாற்று ஸ்கிரிப்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் அந்த வேலையை விடுங்கள்.

வாரா வாரம் ஓட்டுவது

விலையைத் தொடர்ந்து கவனிப்பவர் ‘ஸ்கெட்யூல்’ பகுதியில் நேரம் குறித்துவிடலாம். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு என்றால் 0 6 * * 1 (நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை என்ற வரிசை) என்று எழுத வேண்டும். நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்ற மறந்தால் அது சர்வதேச நேரம் ஆறு மணிக்கு, அதாவது இங்கே முற்பகல் 11.30க்கு ஓடும். உள்வரும் திகதியை நிலையாக எழுதியிருந்தால் இரண்டு வாரத்தில் அது கடந்த காலமாகி ஓட்டம் வெறுமையாகும்; ‘இன்றிலிருந்து இத்தனை நாள்’ என்று கொடுக்கும் வசதி உள்ள ஸ்கிரிப்டைத்தான் இதற்கு எடுக்க வேண்டும்.

எழுதியவர் ஸ்கிரிப்டைப் புதுப்பிக்கும்போது நிரல் பெயர்கள் மாறிவிடக்கூடும். ஒவ்வொரு வாரமும் நிரைகளின் எண்ணிக்கையை மட்டும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். 140ஆக இருந்தது திடீரென 20ஆக இறங்கினால், விடுதிகளை எண்ணுவதற்கு முன் இஷ்யூஸ் தாவலைத் திறவுங்கள். அங்கே யாரும் எழுதவில்லையென்றால் நீங்கள் எழுதுங்கள்: ஓட்டத்தின் இணைப்பு, கொடுத்த இன்புட், எதிர்பார்த்தது, வந்தது. இந்த நான்கும் இருந்தால்தான் எழுதியவரால் பழுதைத் தன் பக்கத்தில் ஓட்டிப் பார்க்க முடியும். ‘வேலை செய்யவில்லை’ என்ற ஒற்றை வரிக்குப் பெரும்பாலும் பதில் வராது.